பழைய பங்க் பக்கத்துத் தண்ணீர்: போர்வெல்லைச் சோதித்தால் போதுமா, தனிக் கிணறு போட வேண்டுமா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெரு முனையில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. மூடிப் பல வருஷம் ஆகிறது, இப்போது அங்கே ராத்திரியில் குட்டியானை வண்டிகள் நிற்கின்றன. அந்த இடத்துக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் அக்கா ஒரு நாள் வாசலில் என்னை நிறுத்தி, "தம்பி, காலையில அடிபம்புல முதல் குடம் மட்டும் பங்க் வாசனை வருது, ரெண்டாவது குடத்துல இல்ல. இதுக்கு எந்த டெஸ்ட் குடுக்கணும்?" என்று கேட்டார். நிலத்தடி நீர் மாதிரி எடுப்பதுதான் என் வேலை என்பது தெருவுக்கே தெரியும். "அக்கா, டெஸ்ட் அப்புறம். அந்தத் தண்ணியை இப்போதைக்கு வாயில வைக்க வேணாம், காய்ச்சினாலும் வேணாம்" என்றேன்.

அன்று சாயங்காலமே நாலைந்து வீட்டுக்காரர்கள் கூடிப் பேசினோம். ஆளுக்கு ஒரு யோசனை வந்தது. இருக்கிற போர்வெல் தண்ணீரை லேபுக்குக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். பங்கின் பழைய பெட்ரோல் தொட்டி இருந்த இடத்தைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறு, அதாவது தண்ணீரைச் சோதித்துப் பார்க்க மட்டும் போடும் கிணறு, போடலாம் என்றார் இன்னொருவர், அவர் மணலியில் வேலை பார்த்தவர், தொழிற்சாலைக்குள் அப்படிப்பட்ட கிணறுகளைப் பார்த்திருக்கிறார். கிணறே வேண்டாம், மண்ணுக்குள் இருக்கிற ஆவியைக் கருவி வைத்து அளக்கலாமே என்று ஒரு பையன் கேட்டான். மெட்ரோ வாட்டர்தான் வருகிறதே, எதற்கு வம்பு என்று ஒரு பெரியவர் சொன்னார். இந்த நாலையும் எடை போட்டு நான் எழுதிக் கொடுத்ததன் விரிவுதான் இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எத்தனை தடவை சோதிக்கிறோம் என்பதைவிட எந்த இடத்தில், எந்த ஆழத்தில் தண்ணீர் எடுக்கிறோம் என்பதுதான் பெரிது. கையில் பணம் குறைவாக இருந்தால் முதலில் இடத்துக்குச் செலவு பண்ணுங்கள், எண்ணிக்கை அப்புறம்.

பெரியவர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான தெருக்களில் கடைசியில் ஜெயிப்பது அந்த யோசனைதான். குடிக்க மெட்ரோ வாட்டர் இருந்தாலும் குளிக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவப் போர்வெல் தண்ணீர்தான் ஓடுகிறது. பெட்ரோலில் இருக்கும் பென்சீன் வாய் வழியாக மட்டும் உள்ளே போவதில்லை, வெந்நீரில் குளிக்கும்போது மூச்சு வழியாகவும் போகும். அதன் கொதிநிலை 80 டிகிரி, அதனால் காய்ச்சினால் தண்ணீரிலிருந்து கிளம்பிச் சமையலறைக் காற்றில் கலக்கும். அதைத்தான் அக்காவிடம் வேண்டாம் என்றேன். மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் பென்சீன் இருக்கிறது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அமெரிக்காவில் அது 5. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இப்போது விற்கும் பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் ஒரு சதவீதம். ஒரே ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் அந்தப் பென்சீன், எட்டரை லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரை அந்த 10 மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுவரப் போதும். 12,000 லிட்டர் டேங்கர் லாரி எழுபதுக்கு மேல் நிறுத்த வேண்டும். இந்தப் பகுதிக்காரர்களுக்கு இது கேள்விப்படாத கதையும் இல்லை, 2013-ல் இதே தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் குழாய் கசிந்து வீடுகளின் போர்வெல்லில் எண்ணெய் ஏறி வந்தது.

"வாசனை இல்லையே, அப்போ நல்ல தண்ணிதானே" என்பவர்களுக்கு ஒரு விஷயம். பென்சீன் தண்ணீரில் வாசனையாகத் தெரிய லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவு வேண்டும், அதாவது அனுமதித்த அளவைப் போல ஆயிரம் மடங்கு. நமக்கு முதலில் மூக்கில் ஏறும் பங்க் வாசனை எத்தில்பென்சீன், சைலீன், டொலுவீன் போன்ற அதன் கூட்டாளிகளால் வருவது, அவை மிகக் கொஞ்சம் இருந்தாலே தெரியும். ஆகவே வாசனை வந்தால் நம்புங்கள், வரவில்லை என்றால் நம்பாதீர்கள்.

இனி போர்வெல். தெருவில் எல்லோருக்கும் பிடித்த யோசனை இது, செலவு குறைவு, நாளைக்கே செய்யலாம். ஆனால் வட சென்னையின் கரையோர மண்ணை நினைத்துப் பாருங்கள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வரைக்கும் மேலே மணல், சில அடி தோண்டினாலே தண்ணீர். அதனால்தான் அந்தக் காலத்தில் உறைக்கிணறும் அடிபம்பும் வீட்டுக்கு வீடு இருந்தன. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, ஒரு லிட்டர் முக்கால் கிலோ எடைதான் இருக்கும், கசிந்து இறங்கினால் தண்ணீர் மட்டத்தில் போய் மிதக்கும், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். நம் அடுக்குமாடிப் போர்வெல்லோ நூறு அடிக்குக் கீழேயிருந்து இழுக்கிறது, மேல் பகுதியில் துளையில்லாத குழாய். பதினைந்து அடியில் இருக்கிற அழுக்கை அந்த ஆழத்துத் தண்ணீரில் தேடினால் "கண்டறியப்படவில்லை" என்றுதான் ரிப்போர்ட் வரும். அந்தத் தாளை நம்பிப் பத்து வருஷம் நிம்மதியாக இருந்துவிடுவோம். பெரிய ஆபத்து என்று நான் நினைப்பது இந்த நிம்மதியைத்தான். அதோடு, போர் போடும்போது குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைக்காமல் விட்டிருந்தால், மேலே இருப்பது அந்த வழியாகவே ஒரு நாள் கீழே இறங்கும்.

அதற்காகப் போர்வெல் சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் உடம்புக்குள் போகிற தண்ணீரில் இன்று என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு அது பதில். தொட்டி கசிந்ததா, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்ற கேள்விக்கு அது பதில் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி. அடிபம்பும் உறைக்கிணறும் மேல் தண்ணீரை எடுப்பதால் அந்த இரண்டும் போர்வெல்லைவிட நல்ல சாட்சி. இன்னும் மூடாத உறைக்கிணறு யார் வீட்டிலாவது இருந்தால் அதிலிருந்து ஆரம்பியுங்கள். ஆனால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, எட்டிப் பார்த்து முகரவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நாலு மடங்கு கனம், கிணற்றுக்குள் தங்கி நிற்கும். இறங்கினவர் மயங்குவார், மோட்டார் சுவிட்ச் போட்டால் தீப்பிடிக்கும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலமே தெரிந்தால் சோதனை எல்லாம் இரண்டாவது, முதலில் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பிடித்த தண்ணீர் இதற்கு உதவாது, மேலே ஏறித் தொட்டியில் கொட்டும்போதே ஆவி பாதி பறந்துவிடும். காலி மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துக் கொடுப்பதும் அப்படியே. இதற்கென்று 40 மில்லி கண்ணாடிக் குப்பி லேபிலேயே தருவார்கள், உள்ளே ஓரிரு சொட்டு அமிலம் போட்டிருப்பார்கள், கழுவிவிடாதீர்கள். தண்ணீரைச் சலசலக்க விடாமல் குப்பியின் ஓரமாக வழியவிட்டு, வாய் விளிம்புக்கு மேலே தண்ணீர் குவிந்து நிற்கும்வரை நிரப்பி, அந்தக் குவியல் மேலேயே மூடியை வைத்துத் திருக வேண்டும். பிறகு தலைகீழாகத் திருப்பி விரலால் தட்டிப் பாருங்கள். ஒரு கடுகளவு குமிழி மேலே ஏறினாலும் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டு வேறு குப்பியில் எடுங்கள், தண்ணீரில் இருக்க வேண்டியது அந்தக் குமிழிக்குள் போய்விடும். அப்புறம் ஐஸ். காசிமேட்டில் மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டி மாதிரி புதுசாக ஒன்று வாங்கி ஐஸ் போட்டு, அன்றே லேபில் சேருங்கள். அன்று காலை பைக்குக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு அதே கையோடு குப்பியைத் தொடாதீர்கள். லேபில் நிரப்பித் தந்த சுத்தத் தண்ணீர்க் குப்பி ஒன்றும் பெட்டிக்குள் கூடவே போய்த் திரும்ப வேண்டும், அதிலும் பென்சீன் தெரிந்தால் தப்பு கிணற்றில் இல்லை, நம் வழியில்.

அக்கா வீட்டு அடிபம்பில் நான் இரண்டு தடவை எடுத்தேன். ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற முதல் குடத்திலிருந்து ஒன்று, மூன்றாவது குடத்துக்குப் பிறகு இன்னொன்று. வழக்கமாக நின்ற தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் மாதிரி எடுப்போம், ஆனால் முதல் குடம்தான் புகார் என்னும்போது அந்த முதல் குடத்தையும் கேட்டாக வேண்டும்.

லேப் பற்றி ஒரு வருத்தம். முன்பு ஒரு குடியிருப்புக்காக ஒரு லேபில் கொடுத்தபோது பென்சீன் "கண்டறியப்படவில்லை" என்று வந்தது, எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். கீழே சின்ன எழுத்தில் கண்டறியும் எல்லை 100 மைக்ரோகிராம் என்று போட்டிருந்தது. அனுமதித்த அளவே 10 என்னும்போது 99 இருந்தாலும் அந்த ரிப்போர்ட் "இல்லை" என்றுதான் சொல்லும். பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: கலந்திருப்பதைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராபியில் பார்க்கிறீர்களா, பென்சீனுக்கு உங்கள் எல்லை எவ்வளவு, தண்ணீரில் பென்சீன் பார்க்க உங்களுக்கு லேப்களுக்குத் தரச் சான்று தரும் என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கிறதா. டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்பின் அளவு), கடினத்தன்மை, கிருமி என்று வரும் வழக்கமான பேக்கேஜில் இது எதுவும் இருக்காது. வீட்டு டிடிஎஸ் மீட்டரும் பெட்ரோலைக் காட்டாது.

மண் ஆவி அளப்பதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒரு கம்பி விட்டுத் துளை போட்டு, சின்னக் கருவியால் மண்ணுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிப் பார்ப்பது. மணல் பூமியில் நன்றாக வேலை செய்யும், ஒரே நாளில் முப்பது இடம்கூடப் பார்த்துவிடலாம். மழை பெய்து மண் ஊறிக் கிடக்கும்போது வேண்டாம். தண்ணீரில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று அது சொல்லாது. கிணற்றை எங்கே போடுவது என்று தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

சரி, தனிக் கண்காணிப்புக் கிணறு. செலவும் அலைச்சலும் இதில்தான் அதிகம், நான் சொல்வதும் இதைத்தான். குறைந்தது மூன்று கிணறு வேண்டும், அதுவும் ஒரே வரிசையில் இல்லாமல் முக்கோணமாக. ஒரு கிணறு தண்ணீர் மட்டத்தைச் சொல்லும், மூன்று கிணறுதான் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று சொல்லும். "கடல் கிழக்கே இருக்கு, தண்ணி கிழக்கேதானே போகும்" என்று எல்லோரும் சொல்வார்கள். மீஞ்சூர் பக்கம் விவசாயக் கிணறுகளுக்குள் கடல் உப்பு எப்படி ஏறியது? அளவுக்கு மேல் இறைத்ததால் தண்ணீர் திரும்பி உள்ளே வந்தது. நம் தெருவிலும் காலை ஆறு மணிக்கு நாலு அடுக்குமாடியில் மோட்டார் ஓடினால் தண்ணீர் அந்தப் பக்கம் இழுபடும். பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமாக இருந்தால் கால்வாயும் தன் பங்குக்கு மாற்றும். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து கட்டாயம், ஒவ்வொரு வீட்டிலும் ஊறல் குழி இருக்கிறது, பழைய தொட்டி பக்கத்தில் ஒரு குழி இருந்தால் அது மழைத் தண்ணீரோடு பெட்ரோலையும் தள்ளிவிடும். திசையை ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள்.

அளப்பதற்கு முன் ஒன்று: மூன்று குழாய்களின் தலை உயரமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று துல்லியமாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் நம் மண்ணில் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் மட்ட வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான் இருக்கும். ஆட்டோ லெவல் கருவி வைத்திருக்கும் சர்வேயர் வந்தால் நல்லது. இல்லாவிட்டால் மேஸ்திரி கையில் இருக்கும் டியூப் லெவலே, பொறுமையாகக் காற்றுக் குமிழி இல்லாமல் பிடித்தால், பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளுக்குக் காரியம் ஆகும்.

இடம் தேர்வு செய்யும்போது தொட்டியை மட்டும் நினைக்காதீர்கள். தொட்டியிலிருந்து பம்புக்கு ஓடிய குழாய், அதன் இணைப்புகள், லாரியிலிருந்து இறக்கும் வாய், இவையும் கசியும் இடங்கள்தான். பங்க் மூடியபோது தொட்டியை எடுத்தார்களா, இல்லை மணல் நிரப்பி அப்படியே விட்டார்களா என்று பழைய ஊழியர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள். ஒரு கிணறு தொட்டி ஓரமாக, ஒன்று வீடுகளை நோக்கிய பக்கத்தில், ஒன்று தண்ணீர் வரும் மேல் பக்கத்தில். அந்த மூன்றாவது கிணற்றை வீண் செலவு என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். வட சென்னையில் மெக்கானிக் ஷெட்டும் லாரி ஷெட்டும் எண்ணெய்க் குழாயும் எங்கும் இருக்கின்றன, நாளைக்கு "இது எங்கள் பெட்ரோல் இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது அந்தக் கிணறுதான் பதில்.

கட்டும் விதத்தில் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். இந்த மணலில் கை போர் போதும், இரண்டு அங்குலக் குழாய். சல்லடை போலத் துளையிட்ட பகுதி, ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் ஏறும் உச்சியிலிருந்து சித்திரை வைகாசியில் இறங்கும் அடிமட்டம் வரைக்கும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மிதக்கும் பெட்ரோல் குழாய்க்கு வெளியே மிதந்துகொண்டிருக்கும், நாம் உள்ளே தேடிக்கொண்டிருப்போம். குழாய்களைப் பிளம்பர் வைத்திருக்கும் சால்வென்ட் பசையால் ஒட்ட விடாதீர்கள், அதன் கரைப்பான் நம் மாதிரியில் கலந்துவிடும், மரை போட்டுத் திருகும் குழாய்தான் வேண்டும். மேலே பென்டோனைட் களிமண்ணும் சிமென்டும் போட்டு அடைத்து, பூட்டு வைத்த மூடி. சாலையில் ஓடும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் எல்லாம் பாழ். அனுமதியையும் மறக்க வேண்டாம், 1987-ஆம் வருஷத்து நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னைக்கு இருக்கிறது, தெருவோரம் என்றால் மாநகராட்சியும்.

கிணறு ஆனபிறகு மாதிரி எடுப்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. பழைய முறை, நின்ற தண்ணீரைப் போல மூன்று மடங்கு இறைத்துவிட்டு எடுப்பது. மூன்று மீட்டர் தண்ணீர் நிற்கும் இரண்டு அங்குலக் குழாயில் 6 லிட்டர் இருக்கும், மூன்று மடங்கு 18 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். அந்தக் குடத்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, டிரம்மில் வைத்து முறையாக அனுப்ப வேண்டும். இன்னொரு முறை, நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல் சின்ன பம்பால் மெதுவாக இழுப்பது, தரம் நன்றாக இருக்கும், கருவியும் ஆளும் வேண்டும். மூன்றாவது எனக்குப் பிடித்தது: சுத்தத் தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பை ஒன்றைக் கயிற்றில் கட்டித் துளைப் பகுதியில் தொங்கவிட்டு இரண்டு வாரம் கழித்து எடுப்பது. பென்சீன் வகையறா பிளாஸ்டிக் வழியாக ஊடுருவி உள்ளே போய்ச் சமநிலைக்கு வந்துவிடும், இறைக்க வேண்டிய ஒரு சொட்டுகூட இல்லை. எங்களைப் போன்ற சந்து வீடுகளுக்கு இதைவிடத் தோதான முறை கிடையாது. பெட்ரோலில் சேர்க்கும் எம்டிபிஇ இந்தப் பைக்குள் சரியாக வராது, அதனால் முதல் தடவை மட்டும் பம்பால் எடுத்து எம்டிபிஇ பார்த்துவிட்டு, அடுத்தடுத்த தடவைக்குப் பை போடலாம். மிதக்கும் பெட்ரோல் இருக்கும் கிணற்றில் பை போடாதீர்கள். அது இருக்கிறதா என்று பார்க்க பங்க்காரர்களின் வித்தையே போதும்: தொட்டியின் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க டிப் ராடில் (தொட்டியில் விட்டு அளக்கும் கம்பி) ஒரு பேஸ்ட் தடவி விடுவார்கள், தண்ணீர் பட்ட இடம் நிறம் மாறும். நாம் அதையே டேப்பில் தடவிக் கிணற்றில் விட்டால், நனைந்தும் நிறம் மாறாத பகுதி எவ்வளவோ அவ்வளவு பெட்ரோல் மேலே நிற்கிறது.

எத்தனை தடவை? மத்திய நிலத்தடி நீர் வாரியம் தன் கிணறுகளை வருஷத்துக்கு நாலு தடவை அளக்கிறது. நானும் முதல் வருஷம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என்று நாலு தடவை பார்க்கச் சொல்வேன், அப்புறம் மே மாதமும் மழை முடிந்த ஜனவரியும் போதும். கோடையில் தண்ணீர் இறங்கும்போது மண்ணில் ஒட்டியிருந்த பெட்ரோல் சேர்ந்து கிணற்றுக்குள் தலைகாட்டும், மழையில் தண்ணீர் ஏறும்போது அதே பெட்ரோல் தண்ணீருக்கு அடியில் மணலுக்குள் மாட்டிக்கொள்ளும். டிசம்பரில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுக் குறைந்துவிட்டது என்று கொண்டாடிய இடத்தில் மறு வருஷம் மே மாதம் கண்ணெதிரே எண்ணெய் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடுங்கள்.

பங்க் 2000-க்கு முன்பே ஓடியது என்றால் ஈயமும் பாருங்கள், ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000 பிப்ரவரியில்தான். அதோடு கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், இரும்பு, சல்பேட் நாலையும் சேர்த்துக்கொண்டால் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் பெட்ரோலைத் தின்கின்றனவா என்று தெரியும். கடல் உப்பு ஏறிய நம் தண்ணீரில் சல்பேட் நிறைய, நுண்ணுயிர்கள் அதையும் பயன்படுத்திக்கொள்ளும், அப்போது அழுகிய முட்டை வாசனை வரும். எல்லா முட்டை வாசனையும் சாக்கடை இல்லை.

ஆக, ஒரு வீடுதான், கையில் காசு இல்லை என்றால் அடிபம்பில் முறையாக இரண்டு குப்பி, நல்ல எல்லை உள்ள லேப், ரிப்போர்ட்டோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார். அவர்கள் வந்து எடுக்கும்போது அதே தண்ணீரில் உங்களுக்கும் ஒரு குப்பி கேட்டு வாங்குங்கள். கண்காணிப்புக் கிணற்றுச் செலவு மாசு செய்தவர் ஏற்க வேண்டியது, அதைக் கேட்க அந்த முதல் ரிப்போர்ட் வேண்டும். பத்து இருபது வீடு சேர முடியும் என்றால் யாருக்கும் காத்திருக்காமல் மூன்று கிணறும் பையும்தான் என் தேர்வு. பக்கத்தில் அங்கன்வாடியோ பள்ளியோ இருந்தால் ஆவி சோதனையை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள், மூடிய அறைக்குள் தரை விரிசல் வழியாக அது ஏறிவரும்.

எங்கள் தெருவில் பதினான்கு வீடு பணம் போட்டிருக்கிறது, எதற்கு வம்பு என்ற பெரியவரும் ஒருவர். அக்கா வீட்டு முதல் குடத்தில் பென்சீன் 38 மைக்ரோகிராம், மூன்றாவது குடத்துக்குப் பிறகு 21. அடிபம்புக் கைப்பிடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார், தண்ணீர் மெட்ரோ வாட்டர் குடத்தில்தான். ரிப்போர்ட் நகலோடு புகார் போய்விட்டது. முதல் கிணறு அவர் வீட்டுச் சந்திலேயே, அனுமதித் தாள் கைக்கு வந்ததும் கை போர்க்காரர் வருகிறார், மழைக்கு முன்னால் மூன்றையும் முடித்தாக வேண்டும்.